வெள்ளை முயலின் கண்ணைப் பார்த்தீர்களா?

திருச்சி உறையூரில் மொட்டை மாடியிலும் கொல்லையிலும் வெள்ளை முயல் வளர்க்கும் வீடுகளுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. கூண்டோரம் உட்கார்ந்த முயல் தலையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்கும். முயலுக்குச் சாமி வந்துவிட்டது என்று குழந்தைகள் கைதட்டுவார்கள். உண்மையில் அந்த முயல், எதிரில் இருப்பது என்ன, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்துகொண்டிருக்கிறது. தலையை அசைக்காமல் பார்த்தால் அதற்குச் சரியாகத் துலங்குவதில்லை.

நியூசிலாந்து வெள்ளை போன்ற இனங்களின் கண்ணில் மெலனின் என்ற நிறமி கிடையாது. உள்ளே ஓடும் ரத்தம்தான் சிவப்பாகத் தெரிகிறது. வேண்டாத வெளிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும் திரை அந்த நிறமி. அது இல்லாத கண்ணில் வெளிச்சம் சிதறி, உருவம் மங்கிவிடுகிறது. திருச்சி வெயிலில் திறந்த மாடியில் விட்டால் கண் கூசித் தவித்துப்போகும். பிறவியிலேயே பார்வை குறைந்த உயிர் என்பதை, காசு வாங்கும்போதே வாங்குகிறவருக்குச் சொல்லிவிட வேண்டியது விற்பவரின் கடமை.

கறுப்புக் கண், பழுப்புக் கண் முயல்களுக்கும் பார்வை போகலாம். போனது வீட்டாருக்குத் தெரியாமலே மாதங்கள் ஓடிவிடலாம். இரையாகும் விலங்கு தன் பலவீனத்தை வெளியே காட்டாது; காட்டினால் கழுகுக்கும் நாய்க்கும் முதலில் அகப்படுவது அதுதான். வீட்டுக்குள் தண்ணீர்க் கிண்ணம் எங்கே, கட்டில் கால் எங்கே என்று மனப்பாடம் செய்துகொள்ளும். மீசை மயிரும் மூக்கும் காதும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். வழக்கமான பாதையில் குருட்டு முயலும் பார்வையுள்ள முயலைப் போலவே ஓடும்.

முகத்துக்கு நேரே கையை ஆட்டிவிட்டு, கண்ணைச் சிமிட்டவில்லை, குருடுதான் என்று முடிவுகட்டக் கூடாது. நல்ல பார்வையுள்ள முயலே மணிக்கு 10 அல்லது 12 முறைதான் சிமிட்டும். கை ஆட்டும் காற்று மீசையில் பட்டு, குருட்டு முயல் திடுக்கிடவும் கூடும். முயலின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றும் முற்றும் தெரியும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னே சிறிய இடம் மட்டும் தெரியாது. அங்கே வைத்த கீரையை உதட்டால் தேடினால் அது குருட்டுத்தனம் ஆகாது.

நம்பத்தகுந்த சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். பண்டைக் காலம் தொட்டே பருத்தித் துணிக்குப் பேர்போன உறையூரில் பஞ்சுக்கு என்ன பஞ்சம்? சிறு பஞ்சு உருண்டையை முயலின் பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி, மேலிருந்து விழவிடுங்கள். சத்தமோ வாசனையோ இல்லாத அந்தப் பஞ்சை நோக்கித் தலை திரும்புகிறதா? இரண்டு பக்கமும் தனித்தனியே பாருங்கள். அடுத்து, அது வழக்கமாக ஓடும் பாதையில் ஒரு குடத்தை வையுங்கள். பார்வை இருந்தால் விலகிப் போகும். இல்லாவிட்டால் முட்டிக்கொள்ளும், அல்லது மீசை பட்டதும் சட்டென்று நிற்கும். ஒரு பக்கமிருந்து தொட்டால் மட்டும் துள்ளி விழுவதும், ஏறிப் பழகிய திண்ணையில் ஏறத் தயங்குவதும், சாதுவாக இருந்தது திடீரெனக் கடிப்பதும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

காரணங்கள் பல. கருவிழிக்குள் வெண்மையாகவோ மஞ்சளாகவோ திட்டு தெரிந்தால் என்செஃபலிட்டோசூன் குனிகுலி என்ற நுண்ணிய ஒட்டுண்ணி காரணமாக இருக்கலாம். தாயின் வயிற்றிலேயே தொற்றி, பின்னாளில் கண் வில்லையைக் கிழித்துவிடும் கிருமி அது. கண் பெருத்து நீலம் பாரித்தால் உள் அழுத்தம் கூடியிருக்கலாம். நியூசிலாந்து வெள்ளையில் இது பரம்பரையாகவும் வரும். ஓயாமல் நீர் வடிந்தால் பல்லைப் பாருங்கள். முயலின் பல் ஆயுள் முழுக்க வளரும். புல் மெல்லாமல் சோறும் பிஸ்கட்டும் தின்னும் முயலுக்குப் பல் தேயாது. மேல்தாடைப் பல்லின் வேர் நீண்டு கண்ணீர்க் குழாயை அடைக்கும். அருகம்புல்லும் வேலிமசாலும் கண்ணையும் சேர்த்துக் காக்கும் தீனி என்பது இதனால்தான்.

தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் எதையும் முயலின் கண்ணில் விடாதீர்கள். மனிதர்களுக்கு வாங்கிய சொட்டு மருந்து அதைவிட ஆபத்து. கருவிழியில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு கலந்த சொட்டு பட்டால் புண் ஆழமாகி, மிச்சப் பார்வையும் போய்விடும்.

கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் முயல் வளர்க்கிறது, ஆனால் முக்கிய நோக்கம் இறைச்சி. செல்ல முயலின் கண்ணைப் பற்றிப் பேச ஆள் குறைவு. மத்திய அரசின் 2018 செல்லப்பிராணிக் கடை விதிகள் நாய், பூனையோடு முயலையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக் கூடாது. அந்த விதியை உறையூர், தில்லைநகர்க் கடைகளிலும் அதிகாரிகள் நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும். 1934 முதல் ஜோசப் கண் மருத்துவமனை இயங்கும் ஊர் திருச்சி. கண் முகாம் என்றால் என்னவென்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜூலை 6 (விலங்குவழி நோய்கள் தினம்), செப்டம்பர் 28 (வெறிநோய் தினம்) ஆகிய நாள்களையொட்டிக் கால்நடைத் துறை நடத்தும் வெறிநோய்த் தடுப்பூசி முகாம்களில் முயலின் கண்ணையும் பல்லையும் பார்க்க ஒரு மேசை போட்டால் போதும். பெரிய செலவில்லை. சிக்கலானவற்றை ஒரத்தநாடு, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்பலாம்.

பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாலும் அந்த முயல் நிம்மதியாக வாழும். சாமான்களை இடம் மாற்றாதீர்கள். படிக்கட்டை அடைத்து வையுங்கள். தூக்குவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கூண்டிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை ஒரு கோணிச் சாக்கை விரித்துப் போடுங்கள். இரண்டொரு நாளில் அந்தச் சொரசொரப்பைப் பாதத்தால் படித்துக்கொண்டு, அது தானே தண்ணீருக்குப் போய்வரும்.