தொண்டையின் நிறமும் புற்று நோயும்

உணவுக்குழலில் தோன்றும் புற்று நோய் பெரும்பாலும் காலங்கடந்தே கண்டுபிடிக்கப்படுகிறது. சோறு இறங்கவில்லை என்று நோயாளி மருத்துவரை நாடும்போது குழல் வெகுவாகக் குறுகியிருக்கும். ஆனால் நோய் மேற்படலத்தளவில் நிற்கும் தொடக்க நிலையில் வலியில்லை, அடைப்பில்லை, கட்டியும் புலப்படாது. அப்போது அது காட்டும் முக்கிய அடையாளம் சிறிதளவு நிறமாற்றமே. அந்நிலையில் கண்டுகொண்டால், மார்பைத் திறக்காமல், எண்டோஸ்கோப் கருவியின் வழியாகவே நோயுற்ற படலத்தை உரித்தெடுத்துவிடலாம்.

சாதாரண வெள்ளொளியில் இந்த நிறமாற்றம் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். அதைத் தெளிவாக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, அயோடின் கரைசல். உணவுக்குழலின் ஆரோக்கியமான உயிரணுக்களில் கிளைக்கோஜன் என்னும் மாச்சத்து நிறைந்திருக்கும். அயோடின் பட்டதும் அது பழுப்பாகிறது. நோயுற்ற அணுக்களில் இச்சத்து குன்றியிருப்பதால், அவ்விடம் மட்டும் நிறமேறாமல் வெளிறி நிற்கிறது. சில நிமிடங்களில் இளஞ்சிவப்பாக மாறுவதும் உண்டு. இரண்டாவது, குறுகிய அலைவரிசை ஒளி. 415, 540 நானோமீட்டர் அலைநீளங்களைச் சார்ந்த ஒளியை இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் மிகுதியாக உட்கொள்கிறது. எனவே மேற்படலத்தில் பெருகி, உருமாறிய நுண்குழாய்கள் பழுப்புத் திட்டாகப் புலனாகின்றன.

இவ்வொளியின் பயனை ஜப்பானிய மருத்துவர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. உணவுக்குழல் புற்று நோய் கொண்ட 320 பேரை அவர்கள் சோதித்தனர். தொண்டைப் பகுதியிலிருந்த மேலோட்டமான புற்றுகளில் வெள்ளொளி 8 சதவீதத்தையே காட்டிற்று. குறுகிய அலைவரிசை ஒளி அனைத்தையும் காட்டிற்று. உணவுக்குழலில் இவ்விகிதம் முறையே 55, 97 சதவீதமாக இருந்தது. வெள்ளொளியில் ஒன்றும் தென்படவில்லை என்பதனாலேயே ஒன்றுமில்லை என்று முடிவு கட்டலாகாது என்பது இதன் படிப்பினை.

ஹைதராபாத் நகரின் மேற்கே கச்சிபௌலியில், எண்டோஸ்கோப் துறையில் உலகப் புகழ் பெற்ற டாக்டர் நாகேஸ்வர ரெட்டியின் மருத்துவமனை இருக்கிறது. நகரின் மறுகோடியில், செகந்தராபாத்தை அடுத்த மெட்டுகுடா, ரயில்வே ஊழியர்கள் நிறைந்த பகுதி. மேற்கே உள்ளவருக்குக் கிட்டும் கூர்மையான பார்வை, மெட்டுகுடாவாசிக்கும், அதற்கப்பாலுள்ள சிற்றூர் உழவருக்கும் கிட்ட வேண்டாமா? இதுவே இன்று எழும் கேள்வி.

தேசியத் திட்டத்தின்படி 30 வயது கடந்தோருக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றின் புற்று நோய்களுக்குச் சோதனை நடைபெறுகிறது. உணவுக்குழல் அதில் இடம்பெறவில்லை. எல்லோருக்கும் குழாய் செலுத்திப் பார்ப்பது இயலாதாகையால் அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் வயிற்று வலிக்கோ நெஞ்செரிச்சலுக்கோ நாள்தோறும் எத்தனையோ பேர் எண்டோஸ்கோப் சோதனைக்கு வருகின்றனர். அவர்களுள் புகையிலை, மது, பாக்கு ஆகிய பழக்கமுடையோரையும், வாய் அல்லது தொண்டைப் புற்று நோய்க்குச் சிகிச்சை பெற்றோரையும் தனியே கவனிப்பது இயலாத காரியமன்று. கருவி எப்படியும் தொண்டையைக் கடந்தே வயிற்றுக்குள் செல்கிறது; கடக்கையில் சற்று நின்று பார்ப்பதே வேண்டுவது.

செலவு அதிகம் என்று சிலர் கூறலாம். புதிய ஒளிக்கருவி விலை உயர்ந்ததே; அயோடின் கரைசலோ மிக மலிவானது. அதற்கும் வரம்புகள் உண்டு. அயோடின் ஒவ்வாமை உள்ளோருக்கு அது ஆகாது. மூச்சுக்குழலில் இறங்கும் அபாயம் இருப்பதால் தொண்டையில் அதைத் தெளிப்பதும் உசிதமன்று. அங்கே ஒளியே துணை. வெறும் அழற்சியுள்ள இடமும் நிறமேறாமல் இருக்கக்கூடும். ஆதலால் நிறம் ஐயத்தை மட்டுமே எழுப்பும். சிறு திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தே முடிவு கூறவேண்டும்.

ஆகவே ஒவ்வோர் அரசினர் மருத்துவமனையின் எண்டோஸ்கோப் அறையிலும் அயோடின் கரைசலும், அதைப் பயன்படுத்தப் பயிற்சி பெற்ற மருத்துவரும் இருத்தல் வேண்டும். புதிய ஒளிக்கருவிகள் மாவட்டத் தலைநகர்களுக்குப் படிப்படியாக வந்து சேரட்டும். அதுவரை, கையில் உள்ள எளிய மருந்தைக் கொண்டே பல உயிர்களைக் காக்க முடியும். சோறு இறங்காத நாள்வரை காத்திருப்பது நோய்க்கு நாமே தரும் அவகாசமாகும்.