குனிந்து பார்க்காதவர்களின் தீர்ப்பு

காரின் உயரத்தைக் குறைக்கும் இளைஞர்களைப் பற்றி நம் பல்கலைக்கழக வட்டாரத்தில் இரண்டே கருத்துகள் உலவுகின்றன. அது தறுதலைத்தனம், போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்பது ஒன்று. அது எதிர்ப்பின் மொழி, நிறுவனம் வகுத்துத் தந்த வடிவத்தை விளிம்புநிலை இளைஞன் தன் கையாலேயே திருத்தி எழுதுகிறான் என்பது மற்றொன்று. முதலாவதைச் சட்டத்துறை நண்பர்களும் இரண்டாவதைப் பண்பாட்டு ஆய்வு நண்பர்களும் சொல்லக் கேட்கிறேன். இவ்விரு தரப்பில் எவரும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

2021 ஆகஸ்டில், ‘ஈ புல் ஜெட்’ என்ற பெயரில் பயணக் காணொளிகள் வெளியிட்டுவந்த சகோதரர்களின் வேனை, அதில் செய்யப்பட்ட மாற்றங்களுக்காக மோட்டார் வாகனத் துறை கைப்பற்றியது. கண்ணூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தகராறு எழுந்து அவர்கள் கைதும் செய்யப்பட்டார்கள். கேரளமே இரண்டாகப் பிரிந்து வாதிட்ட அந்த வாரத்தில்தான் மேற்சொன்ன இரு கருத்துகளும் இறுகி உறைந்தன. சுதந்திரமா ஒழுங்கா என்று எல்லோரும் கேட்டார்கள். மாற்றிய வண்டி சாலையில் எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்டவர்கள் அரிது.

நான் தங்கியிருக்கும் தம்பானூரில், ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் ஒட்டிய சந்துகளில், விடுமுறை நாட்களில் இந்த வேலை நடப்பதைப் பலமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கியால் வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றுகிறார்கள். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாய்ச் சேர்ந்த தூண் வெளியே வருகிறது. ஸ்பிரிங்கைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு, உச்சியிலுள்ள நட்டைக் கழற்ற வேண்டும். இந்தக் கட்டம்தான் உயிரோடு விளையாடுவது. ஒரு மில்லிமீட்டர் சுருக்க இரண்டரைக் கிலோ விசை வேண்டும் ஸ்பிரிங் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதை 15 சென்டிமீட்டர் சுருக்கினால் அதில் தேங்கும் ஆற்றல் ஏறக்குறைய 280 ஜூல். பத்துக் கிலோ எடை கிட்டத்தட்ட மூன்று மீட்டர் உயரத்திலிருந்து தலையில் விழுவதற்கு அது சமம். இதற்கென்றே உள்ள இறுக்குக் கருவியைத் தவிர்த்து, கயிறும் கம்பியும் சுற்றிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். தாங்கி வைக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழைபவர்களும் இருக்கிறார்கள். இதைப் ‘படைப்பூக்கம்’ என்று எழுதும் கட்டுரையாளர், அந்தத் தூணுக்கு நேரே முகத்தை வைத்து ஒருமுறை நின்றுவிட்டு எழுதட்டும்.

இதைவிட மலிவான வழியும் உண்டு. புது ஸ்பிரிங் வாங்கப் பணமில்லாதவன் பழையதையே கேஸ் கட்டரால் ஒரு சுற்று வெட்டிவிடுகிறான். ஸ்பிரிங்கின் விறைப்பு அதன் இயங்கு சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் அமையும். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 விழுக்காடு ஏறும். வெட்டிய முனை இருக்கையில் சரியாகப் படியாது. வண்டி பள்ளத்தில் இறங்கிச் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து நழுவக்கூடும். தீச்சுடர் பட்ட இடத்தில் எஃகின் பதமும் கெடும்.

முறையாகத் தயாரித்த தாழ்வு ஸ்பிரிங்கைப் பொருத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. நம் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்புறம் இருப்பது மெக்ஃபர்சன் வகைத் தொங்கல். அதில் கீழ்க்கை கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாயத் தொடங்கினால், வண்டியின் ஈர்ப்பு மையம் இறங்குவதைவிட உருள்மையம் வேகமாக இறங்கும். வளைவில் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல் அதனால் நீள்கிறது. சாய்வைக் குறைக்க வேண்டும் என்று தாழ்த்தியவன், அதைக் கூட்டும் வடிவியலையும் சேர்த்தே வாங்கிவந்திருக்கிறான். ஸ்பிரிங்கின் கூடுதல் விறைப்புதான் அதை மறைத்துவைக்கிறது. சக்கரங்களின் கோணமும் மாறிவிடுவதால் அலைன்மென்ட் மறுபடி பார்த்தாக வேண்டும். பார்க்காமல் விட்டால் டயர் ஒருபக்கமாகத் தேயும்.

இவை எல்லாம் அவனவன் பாடு என்று விடலாம். முகப்பு விளக்கு அப்படியன்று. அச்சுகளுக்கிடையே இரண்டரை மீட்டர் உள்ள காரில் பின்புறம் மட்டும் 25 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால், ஒளிக்கற்றை 1 விழுக்காடு மேலேறும். தாழ்வொளி வழக்கமாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவே ஏறக்குறைய அவ்வளவுதான். எதிரே இருசக்கர வண்டியில் வருபவரின் கண்ணில்தான் இந்த ‘எதிர்ப்பின் மொழி’ போய் விழுகிறது.

இவ்வளவும் சொன்னதால் என்னைச் சட்டத்தின் பக்கத்தில் நிறுத்த வேண்டா. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் பற்றிக் கேரள உயர்நீதிமன்றம் ஓரளவு இளக்கமான பொருள் கொண்டிருந்தது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அதை நீக்கி, உற்பத்தியாளரின் மூல விவரங்களுக்கு முரணான மாற்றம் கூடாது என்றது. முன்மாதிரி சோதிக்கப்பட்டே விற்பனைக்கு வருகிறது என்பதே இத்தகைய விதிக்கு அடிப்படை. அதை நான் மதிக்கிறேன். அதே ஆண்டில் வந்த திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. (நான்கு ஸ்பிரிங்குகள் ஒரு மாற்றமா, நான்கா என்பதை யாராவது வழக்குப் போட்டுத்தான் அறிய வேண்டும்.) ஆனால் சோதனையே நியாயம் என்றால், சோதனைக்கு உட்படத் தயாராயிருப்பவனுக்கு வாசல் எங்கே? கேஸ் கட்டரால் வெட்டியவனும், கணக்குப் பார்த்து முறையான ஸ்பிரிங் பொருத்தி அலைன்மென்ட் செய்தவனும் சட்டத்தின் முன் ஒரே குற்றவாளிகள். இருவருக்கும் ஒரே தண்டனை என்றால் எவன் செலவழித்துச் சரியாகச் செய்வான்?

ஜெர்மனியில் இத்தகைய ஸ்பிரிங்குகள் சோதனைச் சான்றிதழோடு விற்கப்படுகின்றன. பொருத்தியபின் ட்யூஃப் போன்ற அமைப்பின் பரிசோதகர் பார்த்து ஒப்புகிறார். தேவைப்படும் மாற்றங்கள் வண்டியின் ஆவணத்திலும் ஏறுகின்றன. நம்மைவிட வேகமாக வண்டியோட்டும் சாலைகளை வைத்திருக்கும் நாடு அது. நம் சட்டத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியைத் தகவமைக்க ஒரு வழி திறந்திருக்கிறது. ஆகவே ஆய்வுசெய்து அனுமதித்தல் என்பது நமக்கு அந்நியமான கருத்தன்று.

வண்டியின் உயரத்தை இத்தனை கறாராக அளக்கும் அரசு, சாலையின் உயரத்தை அளக்கிறதா? வேகத்தடைக்கும் ஒரு மூல விவரக்குறிப்பு உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸின் 99-ஆம் இலக்க வழிகாட்டியின்படி, பொதுப் போக்குவரத்துக்கான வளைவுத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் 17 மீட்டர் ஆரமும் கொண்டிருக்க வேண்டும். அச்சிடைத் தொலைவு 2.45 மீட்டர் உள்ள ஒரு கார் அதன் நடுவில் நிற்கும்போது, தடையின் முகடு சக்கரங்கள் நிற்கும் மட்டத்தைவிட 44 மில்லிமீட்டர்தான் உயர்ந்திருக்கும். 165 மில்லிமீட்டர் தரையிடைவெளியுள்ள காரை 40 மில்லிமீட்டர் தாழ்த்தினாலும் எட்டு சென்டிமீட்டர் மிஞ்சும். நால்வர் ஏறி அமர்ந்தாலும் உரசாமல் கடக்கலாம். அப்படியானால் அடிவயிறு உரசுவது எதில்? ஒப்பந்தக்காரரின் மனம்போன போக்கில் எழுப்பிய தார்மேட்டில். அதுவும் அனுமதியற்ற மாற்றமே. அதற்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் கட்டிய பொறியாளர் எவரும் உண்டா?

தம்பானூருக்கே வருவோம். நகரின் தாழ்ந்த பகுதி இது. ஆமையிழஞ்சான் கால்வாய் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடுகிறது. ஒரு நல்ல மழைக்கே பேருந்து நிலையத்தின் முன்புறம் குளமாகிவிடும் என்பதால்தான் 2015-இல் ‘ஆபரேஷன் அனந்தா’ தொடங்கப்பட்டது. ஆக்கிரமிப்புகளை அகற்றப் பேரிடர் மேலாண்மைச் சட்டமே கையிலெடுக்கப்பட்டது. ஆயினும் 2024 ஜூலையில் அதே கால்வாயில் குப்பை அகற்ற இறங்கிய ஒரு துப்புரவுத் தொழிலாளி, ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் சுரங்கப் பகுதியில் காணாமல் போய்ப் பிணமாகக் கிடைத்தார். இந்த ஊரில் காரைத் தாழ்த்துவது மடமை என்பேன். எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் வாய் நான்கு சென்டிமீட்டர் தண்ணீரை நோக்கி இறங்குகிறது. தண்ணீரை உறிஞ்சினால் எஞ்சின் போயிற்று. ஆனால் அந்த மடமைக்குச் சிறை என்றும், கால்வாயை அடைத்துவைத்ததற்குக் கோப்பு என்றும் ஓர் அரசு பிரித்து வைத்திருக்கும்போது, இளைஞன் சட்டத்தைக் கேலியாகப் பார்ப்பதில் எனக்கு வியப்பில்லை.

என் கோபம் இவர்கள் எவர்மீதும் இல்லாத அளவுக்கு நம் பொறியியல் துறைகளின்மீது இருக்கிறது. இதே நகரில் 1939 முதல் ஒரு பொறியியல் கல்லூரி நடக்கிறது. இந்த மாநிலமெங்கும், எல்லை தாண்டி நாகர்கோவில் பக்கமும், இன்னும் எத்தனையோ கல்லூரிகள். அங்கே வாகன இயங்கியல் தேர்வில் உருள்மையத்தை அழகாக வரைந்து பதினைந்து மதிப்பெண் வாங்கும் மாணவர்களில் எத்தனை பேர், வெளியே சந்தில் நிற்கும் காரில் அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று அளந்து காட்டுவார்கள்? தெருவில் கை இருக்கிறது, அளவு இல்லை. வகுப்பில் அளவு இருக்கிறது, கை இல்லை. இரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவர மத்திய அரசின் அறிவிக்கை எதுவும் தேவையில்லை. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி எடைப்பலகை, ஸ்பிரிங்கின் விறைப்பை அளக்கும் அழுத்தப் பொறி, விளக்கின் ஒளிமட்டம் பார்க்க வெள்ளையடித்த ஒரு சுவர், நல்ல இறுக்குக் கருவி ஒன்று, உறுதியான தாங்கிகள் நான்கு. இவற்றில் பெரும்பாலானவை ஆய்வகங்களில் ஏற்கெனவே தூசி படிந்து கிடக்கின்றன. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவற்றைத் தெருவுக்குத் திறந்துவிட்டு, வருகிற ஒவ்வொரு வண்டியையும் அளந்து எண்களை வெளியிடுங்கள். பின்னாளில் சோதித்து அனுமதிக்கும் விதி ஒன்றைக் கேட்டு அரசிடம் போகும்போது கையில் கொண்டுபோக ஏதாவது இருக்கும். என் துறையில் இதற்கான எழுத்துப்பூர்வ விண்ணப்பத்தை வரும் திங்களன்று தருகிறேன். உங்கள் துறைகளில் யார் தருகிறீர்கள்?