லயத்துக்கும் ஒரு மிஸ் மார்ப்பிள் வேணும்

"இன்னமுமா இந்தக் கொலைக் கதையெல்லாம் வாசிக்கிற?" கலைப்பீடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் தப்ப முடியாது. அகதா கிறிஸ்டி டைம்பாஸ், ஹாரி பொட்டர் சின்னப்பிள்ளைச் சாமான், ராஜேஷ்குமார் பஸ் ஸ்டாண்ட் சரக்கு. தீவிர வாசகர் என்றால் கனமான நாவல்தான் வாசிக்கணுமாம். அதுவும் மலையகத்துப் பிள்ளை என்றால் கதையில் அட்டை கடிக்கணும், கங்காணி ஏசணும், கடைசிப் பக்கத்தில் யாராவது சாகணும்.

இந்தப் பெருமை எங்கிருந்து வந்ததோ தெரியல. இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று நாமே பாடமாக்கி வச்சிருக்கிற அசன்பே சரித்திரம் 1885ல் வந்தது. எழுதினவர் நம்ம பக்கத்து ஊர் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி சித்திலெப்பை. அதில் என்ன இருக்கு? கடத்தப்பட்ட குழந்தை, எகிப்து, ஊர் விட்டு ஊர் போகிற சாகசம். இன்றைக்கு வந்திருந்தால் இளையோர் நாவல் என்று ஒரு மூலையில் தள்ளியிருப்போம்.

சரி, கிராமத்துக் கொலைக் கதைக்கு வருவோம். எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஒரு சின்ன ஊர். ஒரு சாவு. பொலிஸ் அவசரமாக ஒரு முடிவுக்கு வருது. யாரும் கணக்கில் எடுக்காத ஒரு ஆள், பெரும்பாலும் வயசான அம்மா, "அது அப்படி இல்லையே" என்று சொல்றாங்க. மிஸ் மார்ப்பிளின் முதல் நாவல் வந்த 1930ல் இருந்து இன்றுவரை இந்த அச்சுதான் ஓடுது. இதை வாசிக்கும்போது எனக்கு இங்கிலாந்து ஞாபகம் வர்றதேயில்லை, ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டம்தான் வருது. ஒரு காம்பராவில் சட்டி விழுந்தால் அஞ்சு காம்பராவுக்குக் கேட்கும். புள்ளக்காம்பரா ஆயாவுக்குத் தெரியாத சங்கதி தோட்டத்தில் உண்டா? யார் வீட்டுப் பிள்ளை பசியோடு வந்தது, யார் நேத்து ராத்திரி வீட்டுக்கு வரலை, எல்லாம் அவங்ககிட்ட இருக்கு. மிஸ் மார்ப்பிளுக்கு நம்ம ஊரில் ஆள் தேட வேண்டியதே இல்லை.

இதெல்லாம் வெள்ளைக்கார நடுத்தர வர்க்கத்தின் ஆறுதல், வேலைக்காரர்கள் அதில் வெறும் தளபாடம் என்று ஒரு தோழர் வாதாடுவார். பாதி சரி. ஆனால் அவர் 1953ல் வந்த எ பொக்கெட் ஃபுல் ஒஃப் ரை வாசிச்சிருக்கணும். (கொலைகாரர் யாரென்று சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க.) அதில் ஒரு பணக்காரர் நஞ்சு குடுத்துக் கொல்லப்படுறார். மிஸ் மார்ப்பிள் வர்றது அவருக்காக இல்லை. அந்த வீட்டில் வேலை செய்த கிளாடிஸ் என்ற பெண்ணைக் கழுத்தை நெரிச்சுக் கொன்று, மூக்கில் துணி காயப்போடுற கிளிப்பை மாட்டி விட்டிருக்காங்க. கிளாடிஸுக்கு வீட்டு வேலை பழக்கினதே மிஸ் மார்ப்பிள்தான். அந்த அவமானம் பொறுக்காமல்தான் அவங்க கிளம்பி வர்றாங்க.

டயகமவில் இருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன சிறுமி 2021 ஜூலையில் தீக்காயங்களோடு செத்துப்போனது நமக்கு மறக்கல. நம்ம வீடுகளில் இருந்து எத்தனை பிள்ளைகள் அப்படிப் போயிருக்காங்க! யார் செத்தாலும் "ஏன், எப்படி" என்று கேட்டே தீரணும் என்ற அடத்தில்தான் கொலைக் கதையே நிற்குது. நம்மாட்கள் சாவுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க வைக்க எவ்வளவு கத்த வேண்டியிருக்கு! இதைப் போய் இலேசான வாசிப்பு என்றால் எப்படி?

தொடர் நாவல் விஷயம் இன்னும் மோசம். ஃபேமஸ் ஃபைவ் 1942ல் தொடங்கி 21 புத்தகம் வந்தது. தரம் பற்றிச் சண்டை வேண்டாம், முதலாவதை முடிச்ச பிள்ளை இரண்டாவதைத் தேடி அலையும், அதுதான் விஷயம். சிங்களத்தில் ஷெர்லொக் ஹோம்ஸை சந்தன மெண்டிஸ் மொழிபெயர்த்து வச்சிருக்கார். நம்ம தம்பி தங்கச்சிக்கு அம்புலிமாமா வயசுக்கும் ஜெயகாந்தன் வயசுக்கும் நடுவில் நாம குடுக்கிறது கடந்தகால வினாத்தாள். அப்புறம் "இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாசிக்கிறதில்லை" என்று கூட்டம் போட்டு அழுறோம்.

மாத்தளை சோமு, மலரன்பன், வடிவேலன் எழுதினதை வேண்டாம் என்று யாரும் சொல்லல. அவங்க எழுதினதால்தான் நம்ம லயம் கதைக்குள்ளேயே வந்தது. அந்த லயத்துக்குள்ள இனி ஒரு துப்பறியும் ஆயாவும் நடமாடட்டுமே. மாசி மகம், முத்துமாரியம்மன் கோவிலின் அஞ்சு தேரும் வீதியில். தோட்டமே டவுனுக்குப் போயிருச்சு. லயத்தில் ஒரு காம்பராக் கதவு மட்டும் திறந்து கிடக்கு.

யார் எழுதப் போறீங்க?