கூலன்ட்டுல மிச்சம் பிடிக்காதீங்க

போன வீடியோவுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது இதுதான்: "பழைய வேன் வாங்கி, உள்ள படுக்கை, அடுப்பு எல்லாம் வெச்சு ஊர் சுத்தலாம்னு இருக்கேன். லோன் போடலாமா சார்?" லோன் கணக்கு அப்புறம். முதல்ல ரேடியேட்டரைப் பாருங்க.

நான் ஆடிட்டர், மெக்கானிக் இல்ல. ஆனா உத்திரமேரூர்ல எங்க பெரியப்பா பையன் இப்படித்தான் ஒரு வேன் வாங்கினார். மே மாசம், மதியம், வந்தவாசி ரோடு. ஹீட் முள் சிவப்புக்குப் போயிடுச்சு. "இன்னும் பத்து கிலோமீட்டர்தானே"ன்னு ஓட்டிட்டார். கேஸ்கெட் போச்சு, சிலிண்டர் ஹெட்டும் வளைஞ்சுடுச்சு. பில் மூணு மாச இ.எம்.ஐ.யைத் தாண்டிடுச்சு. இன்ஷூரன்ஸ்? வழக்கமான மோட்டார் பாலிசியில மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்குப் பணம் கிடையாது. 'எஞ்சின் ப்ரொடெக்ட்' ஆட்-ஆன் பெரும்பாலும் எஞ்சினுக்குள்ள தண்ணி புகுந்தா, ஆயில் கசிஞ்சா மட்டும்தான்.

100 ரூபாய்க்கு டீசல் போட்டா, தோராயமா மூணுல ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியா சூடாப் போகுது. கிட்டத்தட்ட அதே அளவு சூட்டைக் கூலன்ட் சுமந்துட்டுப் போய் ரேடியேட்டர்ல இறக்கணும். கட்டில், தண்ணி டேங்க், பேட்டரின்னு எடையை ஏத்திட்டு, கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவுல ஏறுறீங்கன்னு வைங்க. எஞ்சின் முக்குது, வண்டி மெதுவாப் போறதால ரேடியேட்டருக்குக் காத்து வரல. ஏ.சி. வேற ஓடுது. அதோட கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னாடியே உக்காந்து அதோட சூட்டையும் சேர்த்து உள்ள தள்ளுது.

இதுக்கு நம்ம ஊர் வைத்தியம், "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிடலாம் சார், ஹீட்டே ஆகாது." எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு இல்ல. சாதாரண நாள்ல எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது. டீசல் கூடக் குடிக்கும், தேய்மானமும் கூடும். அடுத்த வைத்தியம் போர் தண்ணி. வீட்டு வாட்டர் ஹீட்டர்ல படியுற அதே உப்புதான் ரேடியேட்டர் குழாயையும் அடைக்கும். லிட்டர் சில நூறு ரூபாய் கூலன்ட்ல மிச்சம் பிடிச்சு என்னத்தைக் கண்டோம்?

1,100 வருஷம் முன்னாடி எங்க ஊர் குடவோலைக் கல்வெட்டுல, வாரியத்துல இருந்து கணக்கு காட்டாதவர் மறுபடி நிக்கவே முடியாது. சர்வீஸ் ரெக்கார்டு காட்டாத வேனுக்கும் என் வீட்டு வாசல்ல அதே விதிதான்.

முள் ஏறினா ஏ.சி.யை அணைங்க. ஹீட்டர் இருந்தா முழுசாப் போடுங்க, கொஞ்சம் சூட்டை அது வெளிய இழுக்கும். ஓரம் கட்டி நிறுத்துங்க. மூடியை மட்டும் சூட்டோட திறக்காதீங்க. உள்ள அழுத்தத்துலதான் 100 டிகிரிக்கு மேலயும் கொதிக்காம நிக்குது. திறந்தா முகத்துல அடிக்கும்.

வாங்குறதுக்கு முன்னாடி, ஒரு இ.எம்.ஐ. அளவு பணத்தை ஹோஸ், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கூலன்ட்டுக்குன்னு தனியா எடுத்து வைங்க. அது முடியலைன்னா அந்த வேன் உங்க பட்ஜெட்ல இல்ல. பார்க்கப் போறது காலையில, எஞ்சின் ஆறியிருக்கும்போது. கூலன்ட் துரு நிறமா இருந்தா வெறும் தண்ணி ஊத்தி ஓட்டியிருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் மூடிக்குள்ள பால் மாதிரி படிஞ்சிருந்தா கேஸ்கெட் மேல சந்தேகம் வரணும். நீங்க போறதுக்கு முன்னாடியே விக்கிறவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வெச்சிருந்தா, டீ குடிச்சுட்டுக் கிளம்பிடுங்க. இன்னொரு நாள் விடிகாலையில சொல்லாம போய் நில்லுங்க.