பாட்டிலில் வருவது எந்த மாட்டுப் பால்?

ராயப்பேட்டை, மயிலாப்பூர் பக்கம் 'ஆர்கானிக் நாட்டு மாட்டுப் பால்' என்று லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறார்கள். 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்ததிலிருந்தே நாட்டு மாட்டின் மேல் நமக்கெல்லாம் தனிப் பாசம். நல்லதுதான். ஆனால் விளம்பரத்தில் படம் போடுகிறார்களே காங்கேயம் மாடு, அது உழவுக்கும் வண்டிக்கும் பேர் போனது. உம்பளச்சேரி, பர்கூர் மாடுகளும் அப்படித்தான். நாளைக்கு இரண்டு, மூன்று லிட்டர் கறந்தாலே பெரிசு. ஜெர்சி கலப்பினமோ சாதாரணமாக ஆறேழு லிட்டர் கறக்கும். நல்ல தீவனம் வைத்தால் பத்தைத் தாண்டும்.

ஆர்கானிக் என்றால் தீவனத்திலும் ரசாயன உரம், பூச்சி மருந்து கூடாது. அந்தத் தீவனம் விலை அதிகம். அதற்காகக் குறைத்துப் போட்டால் கலப்பின மாடு மெலிந்து, பாலும் இறங்கிவிடும். நாட்டு மாடு மேய்ச்சலிலேயே தாக்குப்பிடிக்கும், கறப்பதுதான் கொஞ்சம். ஆக, எந்த மாட்டை வைத்தாலும் விலை கூடத்தான் செய்யும். அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். குஜராத் கிர் மாடு நன்றாகவே கறக்கும். அதுவும் நாட்டு மாடுதான், ஆனால் நம்ம ஊர் மாடு இல்லையே!

2024 ஆகஸ்டில் 'ஏ1, ஏ2 என்று உறையில் போடக்கூடாது' என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. ஒரே வாரத்தில் அதை வாபஸ் வாங்கியது. ஏ2 ஒரு பக்கம் இருக்கட்டும். மாட்டின் இனத்தையும் ஆர்கானிக் சான்றையும் பாட்டிலில் அச்சடிக்கச் சொல்லலாமே? நூறு ரூபாய் கொடுக்கிறவளுக்குக் காங்கேயமா, கிர்ரா, ஜெர்சியா என்று தெரிய வேண்டாமா?

வாசகி, ராயப்பேட்டை, சென்னை-14.