முற்பணம் கொடுப்பதற்கு முன்

டவுனுக்குப் பக்கத்தில் சிறிய வீடொன்று விலைக்கு வந்திருக்கிறது, எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டு தோழர்கள் பலர் நமது தோட்டக் கமிட்டிகளிடம் வருகிறார்கள். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து லயக் காம்பராவில் கிடந்த சனம் சொந்த வீடு பற்றிப் பேசுவது நமக்குச் சந்தோசமே. ஏழு பேர்ச் காணி, தனி வீடு என்று தேர்தலுக்குத் தேர்தல் கேட்டுக் காது புளித்தவர்களை இன்னும் பொறுத்திருங்கள் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஆனால் கணக்குப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

சம்பளம் என்றதும் பலர் 1700 ரூபாவைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளமாக நிர்ணயித்தது 1350 ரூபாதான். மிச்ச 350 உற்பத்தியைப் பொறுத்ததாக இருந்தது. அந்த 1350 கணக்கில் 20 பேர் விழுந்த மாதத்தில் 27,000. சேமலாப நிதிக்கு 8 வீதம் போனால் 24,840. தீபாவளி முற்பணமும் மற்றக் கழிவுகளும் அதற்குப் பிறகு. 10 இலட்சம் ரூபாவை 12 வீத வட்டிக்கு எடுத்து 10 வருடத்தில் கட்டினால் மாதம் ஏறத்தாழ 14,350 ரூபா. 15 வருடமாக்கினால் மாதத்துக்கு 12,000தான், ஆனால் கட்டி முடிக்கும்போது 21 இலட்சத்தைத் தாண்டியிருக்கும். ஒருவர் சம்பளத்தில் இது நடக்காது. இருவர் உழைக்கிற வீடென்றாலும் கொழுந்து கொட்டுகிற மாதத்தை வைத்துப் பார்க்க வேண்டாம். வெயில் காலத்துச் சம்பளத் துண்டை எடுத்து வைத்துப் பாருங்கள். கொழும்பில் கடையில் நிற்கும் மகன் அனுப்பும் காசையும் சேர்க்காதீர்கள். அவனுக்கும் நாளைக்கு ஒரு குடும்பம் வரும். டவுனிலிருந்து பிரட்டுக்கு வர பஸ் காசு வேண்டும், பிள்ளை மடுவமும் பக்கத்தில் இருக்காது.

10 வருடத்துக்கு மேல் அங்கத்துவமும் கணக்கில் குறைந்தது 3 இலட்சமும் உள்ளவர்கள் சேமலாப நிதியில் 30 வீதத்தை வீட்டுக்காக முன்கூட்டியே எடுக்கலாம். வட்டிக் கடனைவிட இது மேல். எடுத்த காசு வயதான காலத்தில் இருக்காது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நமக்கு அதிகக் கவலை உறுதியைப் பற்றித்தான். தோட்டக் காணி அரசாங்கத்தின் காணி. கம்பனிகள் 1992 முதல் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. அதில் ஒரு குடும்பம் கட்டிய வீட்டை இன்னொரு குடும்பத்துக்கு விற்று, சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்கிய கடதாசி உறுதி ஆகாது. வங்கியும் அதை ஈடாக எடுக்காது. பிறகு வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரரிடம்தான் போக வேண்டிவரும். அப்படியான வீடு எவ்வளவு மலிவானாலும் நமக்குக் கட்டுபடியாகாது என்பதே நமது அபிப்பிராயம். வெளிக்காணி என்றால் நொத்தாரிசு மூலம் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்து, வேறு ஈடு இல்லை என்று தெரிந்த பிறகே காசைக் கையால் எடுங்கள். சரிவுக்குக் கீழே மலிவாகக் கிடைக்கும் துண்டையும் விட்டுவிடுங்கள். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண்ணுக்குள் போன லயங்களை நாம் மறக்கவில்லை.

இன்னொன்று. மலையேறிக் கொழுந்து பறித்துக் கடன் கட்டுகிறவள் பெண். உறுதியில் பெயர் ஆண்பிள்ளைக்கு. இருவர் பெயரிலும் எழுதச் சொல்லி நொத்தாரிசிடம் கேளுங்கள்.

உறுதியின் பிரதியையும் கடைசி 12 மாதச் சம்பளத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு உங்கள் தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ வாருங்கள். கூட இருந்து கணக்குப் பார்ப்போம். முற்பணம் கொடுத்துவிட்டு வராதீர்கள்.