வாசலிலேயே நிறுத்துங்கள், விசாரணை பிறகு

2018ஆம் ஆண்டு ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை, சிங்ஹெல்த் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து ஏறத்தாழ 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் நகலெடுக்கப்பட்டு வெளியே கொண்டுசெல்லப்பட்டன. பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பாலினம், இனம், பிறந்த தேதி. அவர்களில் ஏறக்குறைய 160,000 பேரின் வெளிநோயாளி மருந்துக் குறிப்புகளும் போயின. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் குறிப்புகளும் அவற்றில் அடக்கம். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் நால்வரில் ஒருவருக்கும் அதிகமானோர். இதைப் படிக்கும் உங்களில் பலர் அப்போது தொடக்கப்பள்ளியில் இருந்திருப்பீர்கள். உங்கள் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்திருக்கலாம்.

இந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஊடுருவிகள் எப்படி உள்ளே வந்தார்கள் என்றே கேட்கிறார்கள். அதற்கு விடை கிடைத்துவிட்டது. 2017 ஆகஸ்டிலேயே ஒரு கணினியில் தீநிரல் நுழைந்துவிட்டது. என்னை உறுத்தும் கேள்வி வேறு. இவ்வளவு தரவு வெளியேறியபோது அந்த வாசலில் ஏன் யாருமே இல்லை?

மருத்துவர் ஒரு நேரத்தில் ஒரு நோயாளியின் கோப்பைத் திறப்பார். தாதியும் அப்படித்தான். ஒரே இடத்திலிருந்து ஆயிரக்கணக்கான நோயாளிகளின் விவரங்களை மொத்தமாகக் கேட்டு வினவல்கள் வந்தால், அது சிகிச்சைக்காக அல்ல என்று சொல்லப் பெரிய அறிவு தேவையில்லை. ஆனால் அத்தகைய மொத்த வினவல்களைக் கவனித்துத் தடுக்கும் ஏற்பாடு அந்தத் தரவுத்தளத்தில் போதுமான அளவு இல்லை. ஜூலை 4ஆம் தேதி ஒரு தரவுத்தள நிர்வாகியின் கண்ணில் பட்டபிறகுதான் அது நின்றது.

இங்குதான் ‘எட்ஜ் கம்ப்யூட்டிங்’ எனப்படும் விளிம்புக் கணிமை பொருந்துகிறது என்பது என் கருத்து. தரவு பிறக்கும் இடத்திலேயே, அல்லது அது புறப்படும் வாசலிலேயே, ஒரு சிறிய கணினியை வைத்துச் சோதிப்பதுதான் அது. எல்லாவற்றையும் தொலைவில் உள்ள மேகக் கணினிக்கு அனுப்பி, அங்கிருந்து பதில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வேகம் இதன் நன்மைகளில் ஒன்று. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மருத்துவக் குறிப்புகள் கசிகின்றனவா என்று பார்க்க, அந்தக் குறிப்புகளின் நகலை இன்னொரு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பினால், கசிவைத் தேடப்போய் நாமே இன்னொரு கசிவுக்கு வழி திறக்கிறோம். சோதனை வாசலிலேயே நடந்தால் தரவு வீட்டைவிட்டு நகராது. முடிவு மட்டும் நகரும். பல மருத்துவமனைகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்ள விரும்பினால், நோயாளிகளின் விவரங்களைப் பகிராமல் தத்தம் கணினிகள் கற்ற பாடத்தை மட்டும் பகிரும் முறையும் இப்போது இருக்கிறது.

அந்தச் சிறிய கணினி எதைப் பார்க்கும்? எவ்வளவு தரவு போகிறது, எந்த நேரத்தில், எந்த முகவரிக்கு, எந்த வேகத்தில் என்பதையே பெரும்பாலும் பார்க்கும். உள்ளடக்கம் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலும் இவை வெளியே தெரியும். கடிதத்தைப் பிரிக்காமலே உறையின் எடையையும் முகவரியையும் பார்ப்பது போல.

ஆனால் ‘வழக்கம்’ என்பது இடத்துக்கும் பொழுதுக்கும் ஏற்ப மாறும். தீபாவளிக்கு முந்தைய இரவு தேக்காவில் நடக்க இடமில்லாத கூட்டம் இருந்தால் யாரும் வியப்பதில்லை. அதே கூட்டம் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை விடியற்காலை 3 மணிக்கு நின்றால் என்னவோ நடக்கிறது என்று பொருள். திங்கட்கிழமைக் காலையில் பலதுறை மருந்தகத்தின் தரவுப் போக்குவரத்து எப்படி இருக்கும் என்பதை அந்த மருந்தகத்தின் வாசலில் இருக்கும் கணினிதான் நன்றாகக் கற்க முடியும். நூற்றுக்கணக்கான இடங்களின் சராசரியை மட்டும் பார்க்கும் மையக் கணினிக்கு அந்த நுணுக்கம் எளிதில் பிடிபடாது.

எச்சரிக்கை எழுந்ததும் என்ன செய்வது என்பதில்தான் சர்ச்சை. நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்க வேண்டும் என்பேன். 2016 பிப்ரவரியில் பங்ளாதேஷ் மத்திய வங்கியின் பெயரில், நியூயார்க்கில் அதற்கிருந்த கணக்கிலிருந்து பணத்தை மாற்றும்படி போலி உத்தரவுகள் போயின. 81 மில்லியன் அமெரிக்க டாலர் ஃபிலிப்பீன்சுக்குப் போய்ச் சேர்ந்தது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 20 மில்லியன் டாலர் தப்பியது. காரணம், பெறுநரின் பெயரில் இருந்த ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல்லில் எழுத்துப்பிழை. இடையில் இருந்த வங்கி விளக்கம் கேட்டது, பரிமாற்றம் நின்றது. கேட்டவருக்கு அது திருட்டு என்று அப்போது உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஏதோ சரியில்லை என்ற ஐயமே போதுமானதாக இருந்தது.

உடனே ஒரு மறுப்பு எழும். அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளியின் ஸ்கேன் படங்களை நள்ளிரவில் மொத்தமாக அனுப்ப வேண்டியிருந்தால்? இயந்திரம் அதைத் தடுத்தால் உயிர் போகலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் நிறுத்தக்கூடாது என்கிறேன். ஒரு நோயாளியின் பெரிய கோப்பு போகட்டும், பதிவு மட்டும் இருக்கட்டும். பல்லாயிரம் பேரின் பட்டியல் என்றால் ஒரு மனிதர் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை நிற்கட்டும். மேலும், இயந்திரம் நிறுத்தலாம். யாரையும் குற்றவாளி என்று அறிவிக்க அதற்கு உரிமை இல்லை. விடுப்பில் இருந்த சக ஊழியரின் வேலையையும் சேர்த்துச் செய்யும் ஒருவரின் கணக்கும் அன்றைக்கு ‘வழக்கத்துக்கு மாறாக’த்தான் தெரியும்.

விளிம்புக் கணிமையை மந்திரக்கோலாக விற்க வருபவர்களை நம்பாதீர்கள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தரவை எடுக்கும் பொறுமைசாலித் திருடன் இதன் கண்ணில் படாமல் போகலாம். வாசலில் வைத்த கருவியே பலியாகவும் கூடும். 2016இல் ‘மிராய்’ என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாத கண்காணிப்புப் படக்கருவிகளையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் தேதி, அத்தகைய கருவிகளைக் கொண்டு ‘டின்’ நிறுவனத்தின்மீது நடத்திய தாக்குதலால் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்களைப் பலரால் திறக்க முடியவில்லை.

மீண்டும் சிங்ஹெல்த்துக்கு வருகிறேன், ஏனெனில் அங்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. கண்டுபிடிப்பு முழுவதும் ஜூலை 4இல் நடக்கவில்லை. ஜூன் மாதத்திலேயே, கணினிகளுக்குள் நுழைய நடந்த சந்தேகத்துக்குரிய முயற்சிகளை ஊழியர்கள் கவனித்திருந்தார்கள். ஆனால் பொறுப்பில் இருந்தவர்கள் அதை உடனே மேலே தெரிவிக்கவில்லை. 2019 ஜனவரி 10ஆம் தேதி வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை இதைத் தெளிவாகவே சுட்டியது. மேலிடத்தில் சொன்னால் தங்கள்மேல் நெருக்கடி கூடும் என்ற தயக்கமும் ஒரு காரணம். அதே மாதம் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம், கணினி அமைப்புகளைக் கவனித்துவந்த ஐஎச்ஐஎஸ் நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் விதித்தது.

பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கணினி படிப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உள்ளங்கை அளவு ‘ராஸ்பெரி பை’ கணினியில் பிறழ்வுகளைக் கண்டறியும் நிரலை இன்று ஓர் இறுதியாண்டுத் திட்டமாகவே செய்துவிடலாம். ‘ஐசொலேஷன் ஃபாரஸ்ட்’ போன்ற எளிய முறைகள் அந்தச் சிறிய நினைவகத்திலேயே ஓடும். செய்யுங்கள். ஆனால் துல்லியம் எத்தனை விழுக்காடு என்று காட்டும் அட்டவணையில் இன்னும் மூன்று வரிசைகளைச் சேருங்கள். எச்சரிக்கை யாருடைய கைப்பேசிக்குப் போகும்? அவர் எத்தனை நிமிடத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்? அவர் பேசாமல் இருந்தால் அடுத்து யாருக்குப் போகும்? இந்த மூன்றுக்கும் தனி மதிப்பெண் கொடுக்கும்படி உங்கள் விரிவுரையாளரிடம் கேளுங்கள்.